நடை

முதலில் வெறும் வண்டியை ஏற்றுவோம்,
பிறகு பாரத்தோடு.
இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கல்.
வள்ளியூர்ப் பக்கத்து எடைமேடையில்
பதினோரு வருஷமாகச் சீட்டு எழுதுகிறேன்.
எந்தக் குன்று எத்தனை நடையில் தீர்ந்தது என்று
கேட்டால் சொல்வேன்.
யாரும் கேட்டதில்லை.

ஆனி மாசம், கனிமவளத்துறைச் சோதனை.
கிரஷர் மூன்று நாள் ஓடவில்லை.
"இப்பமாவது வாங்களேன்" என்றாள் ஆவுடைச்செல்வி.
ராத்திரியானால் மகளுக்கு நெஞ்சு விசிலடிக்கும்.
நாலு வயசு.
டாக்டர் தந்த நீலக் குழலை உறிஞ்சிவிட்டுச் சிரிப்பாள்.
முடியிறக்குவதாக நேர்ந்திருந்தோம்,
மலைக்கு.

மலைக்கு என்றுதான் சொல்ல வேண்டும்.
களக்காட்டுக்கு மேற்கே
வாழைத்தோப்புகள் முடிகிற இடத்தில்
வனத்துறைக்காரர் பையைத் துழாவி
பிளாஸ்டிக் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு விடுவார்.
ஓடையை மூன்று தடவை தாண்டினால்
முகடுடையார் சாத்தா கோயில்.
சிலை கிடையாது, சுவர் கிடையாது.
ரெண்டு கல்தூண், மேலே ஒரு உத்தரம்.
அந்தச் சட்டத்துக்குள் வந்து நிற்கிற மலைதான் மூலவர்.
மாலை தூணுக்கு. தீபம் மலைக்கு.

நாங்கள் போனபோது தூண்களுக்கு நடுவே
வெள்ளையாக, ஒன்றுமில்லாமல் இருந்தது.
பூசாரி பலவேசத்துக்கு என்னைவிட வயசு குறைவு.
வேட்டிக்கு மேல் பச்சை பெல்ட்,
கையில் பாதி தின்ற வெள்ளரிக்காய்.
"நடை சாத்தியிருக்கு" என்றார்.
யாரு சாத்துனது?
"அவுகதான்."
எப்பம் தொறக்கும்?
"அவுகளைத்தான் கேக்கணும்.
முந்தாநாள் பூரா தொறக்கல."

எனக்கு நடை என்றால் லாரி.
நாளைக்கு நாற்பது, சீசனில் அறுபது.
அத்தனையும் தார்ப்பாய் போர்த்தி மலையாளக்கரைக்கு.

காத்திருந்தோம்.
ஓடைக்கரையில் மகளின் முடி இறங்கியது.
அழுகையும் இரைப்பும் சேர்ந்தே வந்தன.
நான் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.
வட்டெழுத்து என்றார்கள்;
யாரோ வந்து காகிதம் ஒட்டிப் படியெடுத்துப் போனார்களாம்.
ஒருத்தர் நூறு ஆடு விட்டிருக்கிறார்,
ஒரு விளக்கு எரிய,
கல்லும் புல்லும் உள்ளவரை.
எங்கள் குவாரிக் குத்தகை இன்னும் ஆறு வருஷம்.

கை சும்மா இருக்கவில்லை.
போனை எடுத்து
தெரியாத மலையைப் பெருக்கத் தொடங்கினேன்.
உயரம் இவ்வளவு, அடிவாரம் இவ்வளவு,
கன மீட்டருக்கு ரெண்டே முக்கால் டன்,
வகுத்தல் ஒரு நடைக்கு முப்பது.
கால்குலேட்டரில் கட்டம் போதவில்லை.

அப்போதுதான் மஞ்சு கிழிந்தது.
முழுசாக இல்லை.
ஒரு தோள், இடது தோள்,
மழையில் நனைந்து
நீலமும் கறுப்புமாக ஒரு வெட்டு வெளிச்சம்.
பலவேசம் ஓடினார். நமுத்த சூடம் பற்றவில்லை.
ஆவுடை கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.
மகளின் மொட்டைத் தலையில் சந்தனம் காயவில்லை.
பார்த்தது நான் ஒருத்தன்.
வாயில் வந்துவிட்டது:
"நல்ல கல்லு."

சூடம் பற்றியபோது நடை சாத்தியாயிற்று.
"ஆமா, நல்ல கல்லு" என்றார் பலவேசம்,
என் நெற்றியில் அழுத்தித் திருநீறு பூசி.
ஆவுடை கண்ணைத் திறந்திருந்தாள்.
நாங்குநேரி வரும்வரை
பஸ்ஸில் என்னோடு பேசவில்லை.

வியாழக்கிழமை கிரஷர் ஓடியது.

ஒரு சாயங்காலம் மேடை காலியாகக் கிடந்தபோது
மகளைத் தூக்கிக்கொண்டு ஏறி நின்றேன்.
எண்பது காட்டியது.
அவளை இறக்கிவிட்டேன்.
எண்பதுதான்.
இருபது இருபதாகத்தான் அதற்கு எண்ணத் தெரியும்.
"அப்பா, என்னைய இன்னொருக்கா ஏத்து" என்றாள்.
கேட்டுக்கு வெளியே
ஒரு வெறும் வண்டி ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது.